பி0171 குறியீட்டுக்கு ஆக்சிஜன் சென்சார் மாற்றியது குறித்த புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: கோளாறைக் கண்டறியாமல் பாகம் மாற்றியதற்கான தொகையைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, வண்டி நிற்கும்போது எஞ்சின் நடுங்குகிறது, ஓடும்போது எந்தத் தொந்தரவும் இல்லை என்று சொல்லித்தான் என் பெட்ரோல் காரை உங்கள் பணிமனையில் விட்டேன். ஜாப் கார்டில் விளக்கு எரிவது மட்டும் ஏறியது. மற்ற இரண்டும் ஏறவில்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்பதற்கான துப்பு அந்த இரண்டில்தான் இருந்தது.

எஞ்சின் கணினி பதிந்த கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0171 வந்தது. எரிகலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. உங்கள் ஊழியரோ உடனே முன்பக்க ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, குறியீட்டை அழித்து, வண்டியை ஒப்படைத்தார். கலவை கெட்டிருப்பதைச் சரியாகக் கண்டு சொன்னதே அந்தச் சென்சார்தான். காய்ச்சல் காட்டிய தெர்மாமீட்டரை மாற்றினால் காய்ச்சல் இறங்குமா?

விளக்கு மீண்டும் எரிந்தது. திரும்ப வந்தபோது, பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருக்கலாம், அதையும் மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். பெட்ரோல் அழுத்தத்தை அளந்தீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேறொரு மெக்கானிக் எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் ஃப்யூயல் ட்ரிம் அளவுகளைப் பார்த்தார். கலவையைச் சரிக்கட்ட எஞ்சின் கணினி எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதைக் காட்டும் எண்கள் அவை. எஞ்சின் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் வண்டி நிற்கும் நிலையில், இருக்கும்போது கூட்டல் மிக அதிகமாக இருந்தது. 2,500 ஆர்பிஎம்முக்கு உயர்த்தியதும் ஏறக்குறைய இயல்புக்கு வந்தது. பம்ப் பலவீனமாக இருந்தால் இதற்கு நேர்மாறாக, பெட்ரோல் அதிகம் தேவைப்படும் வேகத்திலும் சுமையிலும்தான் கூட்டல் ஏறும். ஐட்லிங்கில் காற்று வரும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகம். சிறிய விரிசல் இருந்தாலும் அளவுக் கணக்கில் வராத காற்று உள்ளே இழுக்கப்படும். வேகம் கூடினால் மொத்தக் காற்றில் அந்தக் கசிவின் பங்கு சிறுத்துவிடும். நிற்கும்போது நடுக்கம், ஓட்டத்தில் தொந்தரவில்லை என்று நான் முதல் நாளே சொன்னதும் இதையேதான்.

புகையைச் செலுத்திக் கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில், எஞ்சினுக்குள் சேரும் வாயுக்களை மேனிஃபோல்டுக்குக் கொண்டுசெல்லும் பிசிவி ஹோஸின் வளைவில் விரிசல் தெரிந்தது. கைக்கு எட்டும் ரப்பர் குழாய். அதை மாற்றிய பிறகு நடுக்கமும் இல்லை, விளக்கும் எரியவில்லை.

சென்சாரை மாற்றியதைவிட எனக்குக் கோபம் தருவது, குறியீட்டை அவசரமாக அழித்ததுதான். குறியீடு பதிவான நொடியில் எஞ்சின் வேகம், சுமை, வெப்பநிலை என்னவென்று ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ ஆகக் கணினி சேமித்து வைக்கிறது. குறியீட்டை அழித்தால் அதுவும் போய்விடும். அதை யாரும் பார்த்ததாகவோ குறித்துவைத்ததாகவோ உங்கள் ஜாப் கார்டில் ஒரு வரிகூட இல்லை. பில்லில் மட்டும் ‘எஞ்சின் கோளாறு பரிசோதனை’ என்று தனிக் கட்டணம் இருக்கிறது. எதைப் பரிசோதித்தீர்கள்?

ஆக்சிஜன் சென்சாரின் விலை, அதை மாற்றிய கூலி, அந்தப் பரிசோதனைக் கட்டணம் ஆகிய மூன்றையும் திருப்பித் தர வேண்டும். கழற்றிய பழைய சென்சார் என்னுடையது. அது கெட்டிருந்தது என்று சொல்வீர்களானால், அதற்கான அளவீட்டை எழுத்தில் தாருங்கள். பம்ப் மாற்றச் சொன்னதற்கான காரணத்தையும் அதே கடிதத்தில் எதிர்பார்க்கிறேன்.

உங்கள் பில், ஜாப் கார்டு, பிசிவி ஹோஸ் மாற்றிய ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். விரிசல் விட்ட ஹோஸ் என்னிடம் இருக்கிறது. உங்கள் தொழில்நுட்ப மேலாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பதினைந்து நாள்களுக்குள் பதில் வராவிட்டால், இதே ஆவணங்களுடன் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் அளிப்பேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்