ஊசியோடு முடிவதில்லை

ஐயா,
உலகப் பக்கவாத நாளையொட்டி (அக்டோபர் 29) வெளியான செய்தி, ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடுவது பற்றி நன்கு விளக்கியது. அதற்குப் பிந்தைய பயிற்சி பற்றி ஒரு வரிகூட இல்லை. நிலைமை சீரானவர்களை 24 மணி நேரம் கழிந்ததும் சிறிது சிறிதாக உட்கார, நிற்கப் பழக்கலாம். மீட்சி வேகமாக நடப்பது முதல் மூன்று மாதங்களில்தான். வீடுகளில் அடிக்கடி காணும் தவறு, செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது. தளர்ந்த தோள்மூட்டு இறங்கிவிடும். வலி வந்தால் பயிற்சி நிற்கும். எண்ணெய் உருவினாலும் சரியாகாது. முதுகையும் இடுப்பையும் தாங்கியே எழுப்ப வேண்டும்.

மேலூர், உசிலம்பட்டி நோயாளிகள் மதுரை மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பும் நாளிலேயே அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் அனுப்பினால், தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட இயன்முறை மருத்துவர் முதல் வாரத்திலேயே வீட்டுக்குச் செல்ல முடியும்.

– இயன்முறை மருத்துவர், மதுரை