பத்துக்கு ஆறு இல்லை, மாப்பிள்ளை

மதுரை
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். போனில் பேசினால் உன் குரல் கம்மும், உடனே நான் கிரிக்கெட்டுக்குத் தாவிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு வந்திருப்பது புராஸ்டேட் புற்றுநோய்தான், மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் ‘கிளீசன் 3+3=6’ என்பதைப் பார்த்துவிட்டு, “பத்துக்கு ஆறுன்னா பாதிக்கு மேல போயிடுச்சா?” என்று கேட்டிருக்கிறாயே, அங்கேதான் தப்பு. இது பரீட்சை மார்க் இல்லை. இன்றைக்கு ஊசியால் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில், என்னைப் போன்ற நோயியல் மருத்துவர்கள் போடும் எண்ணிலேயே ஆகக் குறைந்தது ஆறுதான்.

டொனால்டு கிளீசன் என்று ஒரு நோயியல் மருத்துவர், அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் இருந்தவர். யூராலஜி டாக்டர் ஜார்ஜ் மெல்லிங்கர் கேட்டுக்கொண்டதால் இந்த நோயைத் தரம் பிரிக்க உட்கார்ந்தார். செல்லையும் அதன் கருவையும் துருவாமல், சுரப்பிகள் அமைந்திருக்கும் விதத்தை மட்டும் பார்த்து, ஐந்து வகையாகக் கையாலேயே படம் வரைந்தார். ஒரே கட்டியில் பெரும்பாலும் இரண்டு வகை கலந்திருந்ததால், அதிகம் இருப்பதையும் அடுத்ததையும் கூட்டினார். அந்தக் கூட்டுத்தொகை நோயாளிகளின் ஆயுளோடு நன்றாகப் பொருந்தியது. 1966இல் வெளிவந்த முறை இது; அதில்தான் இன்றும் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பயாப்சியில் வருவது சேமியா இழை மாதிரி ஒரு துண்டு. மெழுகில் புதைத்து, மைக்ரோடோமில் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றி என் மேஜைக்கு வரும். ஒவ்வொரு சுரப்பியையும் ஒரு வீடு என்று வைத்துக்கொள். கிளீசனின் ஐந்து வகையில் ஒன்றையும் இரண்டையும் இப்போது பயாப்சியில் போடுவதில்லை. மூன்று என்றால் நெருக்கிக் கட்டியிருந்தாலும் தனித்தனி வீடு, ஒவ்வொன்றுக்கும் சொந்த முற்றம். நான்கில் சுவரும் சுவரும் ஒட்டி, சல்லடை மாதிரி ஆகிவிடும். ஐந்தில் வீடே இருக்காது, தெருவில் நிற்கிற கூட்டம்தான். அண்ணனுடையதில் பார்த்தவரை தனி வீடுகள் மட்டும்தான் என்கிறது ரிப்போர்ட். 3+4, 4+3 இரண்டுமே ஏழுதான், ஆனால் பின்னது மோசம். இந்தக் குழப்பமெல்லாம் வேண்டாம் என்றுதான் 2014இல் சிகாகோவில் கூடிப் பேசி, ஒன்று முதல் ஐந்து வரை புதிய தரக் குழுக்கள் கொண்டுவந்தார்கள். அண்ணனுடைய ஆறு, அதில் ஒன்றாம் குழு, ஆகக் குறைந்தது. ரிப்போர்ட்டில் அதையும் பெரிதாகப் போட்டிருந்தால் நீ இரண்டு நாள் தூங்காமல் கிடந்திருக்க மாட்டாய். எங்கள் ஆட்களுக்கு எழுதத் தெரியாது, நான் உட்பட.

நான் சேர்ந்த புதிதில் நடந்ததை உனக்குச் சொன்னதில்லை. சின்னச் சின்னச் சுரப்பிகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. புற்றுநோய் என்று எழுதி சீனியர் முன்னால் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பி63 சாயம் போடச் சொன்னார். மறுநாள் பார்த்தால், சுரப்பிகளின் ஓரத்தில் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். வெளிவரிசை செல்கள் அப்படியே இருந்தன. புற்றுநோயில் அந்த வரிசை இருக்காது. ரிப்போர்ட் வெளியே போகவில்லை என்றாலும், அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கப்புறம் சந்தேகம் வந்தால் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஆறுக்குப் புற்றுநோய் என்ற பெயரே வேண்டாம் என்று எங்களுக்குள் ஒரு சண்டை நடக்கிறது. பயம் குறையும் என்பது சரி. ஆனால் ஊசி எடுப்பது கொஞ்சம்தான், பக்கத்திலேயே நான்கு ஒளிந்திருந்தால்? பெயர் இருக்கட்டும் என்பதே என் கட்சி.

உடனே ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். பிரிட்டனில் புராஸ்டேட்டைத் தாண்டாத நோய் உள்ள 1,643 பேரை மூன்றாகப் பிரித்து, கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வந்த 15 வருடக் கணக்கில், இந்த நோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலுமாக 45 பேர். கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது மட்டும் மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டையும் அண்ணனிடம் சொல், ஒன்றை மட்டும் சொல்லாதே. முடிவை யூராலஜி டாக்டரும் அவரும் பேசி எடுக்கட்டும். யோசிக்க அவகாசம் இருக்கிறது.

போட்டோவை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது. லேபில் எழுதிக் கொடுத்து ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை வா. வருகிற வழியில் பிளாக்கை வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டுவிடாதே. மெழுகு இளகிவிடும்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்