வெளிநாட்டில் உள்ள நம் ராணுவச் சொத்துகளை முறையாகக் கணக்கெடுத்த பிறகே விற்கவோ ஒப்படைக்கவோ வேண்டும் என்று கோரிக்கை மனு

அனுப்புநர்:
முன்னாள் ஹவில்தார்,
திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாண்புமிகு பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்கள்,
புது தில்லி.

வழி: உதவி இயக்குநர், முன்னாள் படைவீரர் நல அலுவலகம், மதுரை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ராணுவத்தில் குவார்ட்டர் மாஸ்டர் ஸ்டோரில் (படைப்பிரிவின் பொருள் கிடங்கில்) இருந்து ஓய்வு பெற்றவன். யூனிட் ஓர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது கட்டில், வாளி, பல்பு வரை எண்ணி, லெட்ஜரில் சரிபார்த்து, சார்ஜ் எடுப்பவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி ஏறுவோம். ஒருமுறை இரண்டு வாளி குறைந்தது. விடிய விடியத் தேடியும் கிடைக்கவில்லை, சம்பளத்தில் பிடித்தார்கள். அது நியாயம்தான், அரசாங்கச் சொத்தல்லவா?

அப்படிப் பழகிய எனக்கு மத்திய ஆசிய நாடான தஜிகிஸ்தான் பற்றிய செய்தி மனதை உறுத்துகிறது. அதன் தலைநகர் துஷான்பே அருகே அய்னி விமானதளத்தின் ஓடுபாதையை 3,200 மீட்டருக்கு நீட்டியது நாம். விமானக் கொட்டகைகள் கட்டியதும் நாம். 2022-ல் ஒப்பந்தம் முடிந்து அதை அந்த நாட்டிடம் ஒப்படைத்தாயிற்று. ஊர் உலகத்துக்குத் தெரிந்ததோ 2025 அக்டோபர் கடைசியில்தான்.

இடம் அவர்களுடையது, காலம் முடிந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கடலே இல்லாத நாடு. தரைவழி போகலாமென்றால் குறுக்கே பாகிஸ்தான். அங்கே தளம் வைத்துக் காப்பது லேசான காரியம் இல்லை. விட்டதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் மொரிஷியஸின் அகலேகா தீவு வேறு. நம் செலவில் கட்டிய ஓடுபாதையும் இறங்குதுறையும் 2024 பிப்ரவரி 29 அன்று திறக்கப்பட்டன. அது ராணுவ தளம் அல்ல என்று மொரிஷியஸ் சொல்கிறது. சரி, அப்படியே இருக்கட்டும். இந்தியப் பெருங்கடலைக் கவனிக்க நமக்கு அது ஒரு கண். எந்த நெருக்கடியிலும் அதைக் கைநழுவ விடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

எந்த நாட்டில் நம் படைக்குக் கட்டடமோ, வண்டியோ, ஜெனரேட்டரோ இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிய ஓராண்டு இருக்கும்போதே எதை ஊருக்குக் கொண்டுவருவது, எதை அங்கேயே விற்பது என்று அதிகாரிகள் குழு உட்கார்ந்து முடிவெடுக்கட்டும். கொண்டுவரும் செலவு பொருளின் விலையைத் தாண்டினால் விற்பதே மேல். நட்புக்காக விட்டு வருகிறோம் என்றால் தாராளமாக விடலாம். அப்போதும் அதன் மதிப்பை எழுதி வைக்க வேண்டும். அப்புறம், அந்தக் கணக்கு பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் பார்வைக்கு, ஒப்படைப்பதற்கு முன்பே போக வேண்டும். ரகசியமான விஷயம் என்றால் மூடிய கதவுக்குள் சொன்னால் போதும்.

அய்னியில் எதைக் கொண்டுவந்தோம், எதை விட்டுவந்தோம் என்ற பட்டியலையும் அதே நிலைக்குழுவிடம் வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் ஹவில்தார்
இடம்: திருமங்கலம்