பையன் திருத்திய வரி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் இல்லை. பகலெல்லாம் யார் யாருக்கோ கடிதம் எழுதிவிட்டு இரவில் உனக்கு எழுத உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது. முழங்கால் வலி தேவலையா? சின்னவள் படிப்பை மாற்றப்போகிறாள் என்று புலம்பியிருந்தாய். மாற்றட்டும், விடு. நாம் படித்ததற்கும் இப்போது செய்கிற வேலைக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா என்ன?

"சீனியர் ரைட்டர் என்றால் குழந்தைகளுக்குக் கதை எழுதுவதா?" என்று கேட்டிருந்தாய். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். குழந்தைகளுக்காக நான் ஒரு வரிகூட எழுதுவதில்லையடி. எங்கள் குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனத்துக்காகக் குழந்தைகளைப் பற்றிப் பெரியவர்களுக்கு எழுதுகிறேன். நன்கொடை கேட்டு ஒரு கடிதம், கொடுத்ததற்கு நன்றி சொல்லி ஒரு கடிதம், ஆண்டறிக்கை, அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பம், இயக்குநர் மேடையில் பேச வேண்டிய உரை. பதவி உயர்ந்த பிறகு எழுதுவது குறைந்து, மற்றவர்கள் எழுதியதை வெட்டுவது கூடிவிட்டது. 'பயனாளி' என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் அடித்துவிடுவேன். அந்தச் சொல்லைப் போட்டால் குழந்தையும் அதன் முகமும் காணாமல் போய்விடும்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பதினொரு வயதுப் பையன். எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு வருகிறவன். ஊர், பெயர் எல்லாம் உனக்கும் சொல்லமாட்டேன், விதி அப்படி. அவன் மையத்தில் சேர்வதற்கு முந்திய நாட்களைப் பற்றிக் கள ஊழியர் அனுப்பிய குறிப்புகளை வைத்து, "பள்ளி விட்டு வந்தால் வீட்டில் யாரும் இல்லை. இருட்டும்வரை வாசல்படியில் தனியாக உட்கார்ந்திருப்பான்" என்று நன்கொடைக் கடிதத்தை ஆரம்பித்திருந்தேன். நல்ல தொடக்கம் என்று எனக்கே ஒரு நினைப்பு.

அச்சுக்குப் போகும் முன் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் படித்துக் காட்டுவோம். ஒப்புதல் படிவத்தில் ஒரு கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது என்று இருந்த காலமும் உண்டு. இந்தத் தடவை நானே போய்ப் படித்தேன். பையன் முழுசாகக் கேட்டான். அப்புறம், "அம்மா வேலைக்குப் போயிருப்பாங்க. அதை ஏன் எழுதலை?" என்றான். அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் இருந்த பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் இன்னொன்றும் சொன்னான்: "தனியாவும் இல்ல. நாய் இருக்கும்."

நான் எழுதியதில் பொய் இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இல்லைதான். ஆனால் 'யாரும் இல்லை' என்று எழுதினால், படிக்கிறவர் மனதில் பொறுப்பில்லாத ஒரு தாய் வந்து உட்கார்ந்துவிடுவாள். நான் எழுதாமலே வந்துவிடுவாள். இத்தனை வருஷ அனுபவத்தில் எனக்குப் பிடிபடாதது அந்தப் பையனுக்குப் பிடிபட்டது.

"அம்மா வேலை முடிந்து வர எட்டு மணி ஆகும். அதுவரை அவனும் நாயும் வாசல்படியில்" என்று மாற்றினேன். நிதி திரட்டும் குழுவில் முகம் சுளித்தார்கள். அழுத்தம் போய்விட்டதாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கொண்டுவரும் பணத்தில்தான் மையமே நடக்கிறது. ஆராய்ச்சியும் அவர்கள் பக்கம்தான். 2007-ல் ஸ்மால், லோவென்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற மூவர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சிலரிடம் மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் சொன்னார்கள். சிலரிடம் பட்டினியின் புள்ளிவிவரம் மட்டும். சிலரிடம் இரண்டையும் சேர்த்து. ரோக்கியாவைப் பற்றி மட்டும் கேட்டவர்கள்தான் அதிகம் கொடுத்தார்கள். புள்ளிவிவரம் சேர்ந்ததும் கொடை குறைந்தது. அதனால்தான் நாங்கள் எல்லாரும் ஒற்றைக் குழந்தையைத் தேடிப் போகிறோம். போகிற போக்கில் அம்மா, வேலை நேரம், நாய் எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறோம். காரணத்தையும்தான்.

இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான எக்லான்டைன் ஜெப் அந்தக் காரணத்தை விடவில்லை. 1919-ல், முதல் உலகப் போர் ஓய்ந்த பிறகும், எதிரி நாடுகளுக்கு உணவு போகவிடாமல் போட்ட கடல் முற்றுகையை பிரிட்டன் விலக்காமல் இருந்தபோது, ஆஸ்திரியாவில் பட்டினியால் வாடிய குழந்தையின் படத்தைப் போட்டு, இது நம் முற்றுகையால் வந்தது என்று துண்டறிக்கை அச்சிட்டு, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கொடுத்தார். தணிக்கை அனுமதி வாங்கவில்லை என்று பிடித்துப்போய் ஐந்து பவுண்டு அபராதம் போட்டார்கள். அதே வருஷம்தான் அவரும் சேர்ந்து தொடங்கிய சேவ் த சில்ட்ரன் என்ற குழந்தைகள் நல அமைப்பு பிறந்தது. ஆனால் அந்தப் படத்தில் இருந்த குழந்தையிடமோ அதன் அம்மாவிடமோ யாராவது கேட்டிருப்பார்களா என்று எனக்கு இப்போதெல்லாம் ஓடுகிறது. தன்னைப் பற்றிய விஷயத்தில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவாக வருவதற்கு 1989 ஆகிவிட்டது. எங்கள் அலுவலகச் சுவரில் அதை அழகாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். நான் தினமும் அதன் அடியில் உட்கார்ந்துதான் 'வீட்டில் யாரும் இல்லை' என்று எழுதினேன்!

இன்னொரு வேடிக்கை. கடிதத்தில் உண்மைப் பெயர் போடக்கூடாது, படத்தில் பள்ளிச் சின்னம் தெரியக்கூடாது, எடுத்த இடம் படக் கோப்பில் பதிந்திருந்தால் அதையும் அழிக்க வேண்டும். மாற்றுப் பெயரைக் குழந்தைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இவன் யோசிக்கவே இல்லை. "மணி" என்றான். யாரப்பா மணி என்று கேட்டால், நாயாம். அவன் அம்மா அன்றைக்கு அப்போதுதான் சிரித்தார்.

மணியின் கடிதம் போன வாரம் தபாலில் சேர்ந்துவிட்டது. எவ்வளவு வந்தது என்பது அடுத்த மாதம் தெரியும். குறைந்தால் என் தலைதான் உருளும். எதற்கும் நன்றிக் கடிதத்தை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.

நீ உடனே பதில் போடு. முழங்காலை அலட்சியம் செய்யாமல் டாக்டரிடம் காட்டு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி