கடைசிக் காட்சி

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போனில் பேசினால் நான் குரலை உயர்த்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

‘முதலில் அர்த் என்ற இந்திப் படத்தைப் பாருங்கப்பா, அப்புறம் அந்தக் கோயம்புத்தூர் வரனைப் பற்றிப் பேசலாம்’ என்றாய். பார்த்துவிட்டேன். ஒரு தடவை தனியாக, ஒரு தடவை அம்மாவோடு. எனக்கு இந்தி ‘பானி’, ‘சாய்’க்கு மேல் வராது என்பது உனக்குத் தெரியும். கீழே ஓடும் எழுத்தைப் படிப்பதற்குள் முகங்கள் ஓடிவிடுகின்றன. இரண்டாம் தடவைதான் முகங்களைப் பார்த்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. இந்தக் கதை எனக்குப் புதிதில்லை. பாலு மகேந்திரா 1993-ல் இதைத் தமிழில் ‘மறுபடியும்’ என்று எடுத்தார். ரேவதி, நிழல்கள் ரவி, ரோகிணி, அரவிந்த்சாமி. நீ அப்போது கைக்குழந்தை. மூன்று பேருமாகப் போனோம். படம் முடியப் போகும் நேரத்தில் நீ வீரிட்டு அழ, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து முறுக்குக் கடை ஓரமாக நின்றேன். பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவிடம், ‘ரேவதிக்கும் அரவிந்த்சாமிக்கும் கல்யாணம் ஆயிற்றா?’ என்று கேட்டேன். ‘இல்லை’ என்றாள். ‘அரவிந்த்சாமியைப் போய் எவளாவது வேண்டாம் என்பாளா?’ என்று சிரித்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வரும்வரை பேசவில்லை. நீ அழுததில் அவளுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கடைசிக் காட்சியை இப்போதுதான் பார்க்கிறேன், அதுவும் இந்தியில்.

1982-ல் வந்த படம் மாதிரியே தெரியவில்லை. மகேஷ் பட் தன் சொந்த வாழ்க்கையில் நடந்ததை வைத்து எடுத்தார் என்கிறார்கள். அதனாலோ என்னவோ, புருஷனை வில்லனாக்கவும் இல்லை, நல்லவனாக்கவும் இல்லை. அந்தப் பெண் பூஜா அநாதை. சொந்த வீடு ஒன்றுதான் அவள் ஆசை. குடியிருக்கும் வாடகை வீட்டையும் காலி செய்ய வேண்டிய நேரத்தில் புருஷன் புது வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து தருகிறான். என்ன சந்தோஷம் அவளுக்கு! அந்த வீடு வந்த வழியில் இன்னொரு பெண் இருக்கிறாள் என்று பிறகு தெரிகிறது. அந்த வீட்டை விட்டு, கல்யாணத்தின்போது தன்னிடம் இருந்த 2000 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு பெண்கள் விடுதிக்குப் போகிறாள். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது. அவளுடையது எவ்வளவோ அவ்வளவு, ஒரு ரூபாய் கூட அதிகமில்லை.

நீ மும்பை அந்தேரியில் விடுதியில் இருந்த எட்டு மாதத்தில் நான் ஒருமுறைகூட வரவில்லை. சொந்தக்காரர்களிடம் ‘கம்பெனி குவார்ட்டர்ஸில் இருக்கிறாள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த இன்னொரு பெண்ணாக ஸ்மிதா பாட்டீல். அவள்மேல் கோபப்படத் தயாராக உட்கார்ந்தேன், முடியவில்லை. பயந்து பயந்தே அழிகிறாள். அந்த நடிகை 31 வயதிலேயே போய்விட்டார் என்பதை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. பூஜாவாக வரும் ஷபானா ஆஸ்மியைப் பற்றி நான் என்ன சொல்ல, அவருக்கு இந்தப் படத்துக்காக தேசிய விருதே கொடுத்திருக்கிறார்கள். ஜக்ஜித் சிங் குரலில் ஒரு பாட்டு வருகிறதே, இவ்வளவு சிரிக்கிறாயே, எந்தத் துக்கத்தை மறைக்கிறாய் என்று. அதை எழுதிய கைஃபி ஆஸ்மி ஷபானாவின் அப்பா. எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நீ வீடியோ காலில் சிரித்தபோதெல்லாம் நான் ‘சாப்பிட்டாயா’ என்றுதான் கேட்டேன்.

இப்போது எழுத வந்த விஷயம்.

கடைசியில் புருஷன் திரும்பி வருகிறான். பூஜா ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: நீ செய்ததை நான் செய்துவிட்டு வந்திருந்தால் என்னை ஏற்றுக்கொண்டிருப்பாயா? அவன் உண்மையைச் சொல்கிறான், மாட்டேன் என்று. அங்கே நான் படத்தை நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

உன் விஷயத்தில் இரண்டு குடும்பமும் நம் கூடத்தில் உட்கார்ந்து பேசினோமே, அன்றைக்கு மாப்பிள்ளையிடம் நான் எத்தனையோ கேட்டேன். வீட்டுக் கடன் யார் கட்டுவது, நகை யாரிடம், இனி இப்படி நடக்காது என்று எழுதிக் கொடுப்பாரா என்றெல்லாம். இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. உன்னைத்தான், ‘அவர்தான் இறங்கி வந்துவிட்டாரே, நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு’ என்றேன். அதனால் உனக்கு இரண்டு வருஷம் போயிற்று.

அப்புறம் ராஜ். அந்தப் பாட்டுக்காரன் தங்கமானவன். அவளுக்கு வேலை தேடித் தருகிறான், தைரியம் சொல்கிறான். அவனையும் வேண்டாம் என்கிறாள். கெட்டவனை வேண்டாம் என்றால் ஊர் புரிந்துகொள்ளும். நல்லவனை வேண்டாம் என்றால்? கோயம்புத்தூர்க்காரரும் நல்லவர்தான், நான் விசாரித்தேன். ‘நல்ல மனுஷன், உனக்கு என்ன குறை?’ என்று பத்துத் தடவை கேட்டிருப்பேன். நீ அவரிடம் குறை இருப்பதாகச் சொல்லவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

முழுக்க ஒப்பினேன் என்று எழுதினால் பொய். படத்தின்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. வேலைக்காரப் பெண் (ரோகிணி ஹட்டங்கடி, என்ன நடிப்பு!) மகளின் பள்ளிக்கூடத்துக்குச் சேர்த்த 1000 ரூபாயைக் குடித்து அழித்த புருஷனைக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போகிறாள். அந்தக் குழந்தையைப் பூஜா வளர்க்க எடுத்துக்கொள்கிறாள். கையில் ஒரு குழந்தையைக் கொடுத்தால்தான் தனியாகப் போகும் பெண்ணை நாம் ஏற்போம் என்று டைரக்டர் நினைத்துவிட்டாரோ? அம்மாவிடம் சொன்னேன். ‘அந்தக் குழந்தை இல்லாவிட்டாலும் அவள் போயிருப்பாள்’ என்றாள். 1993-ல் பஸ்ஸில் இதைத்தான் சொல்ல நினைத்தாயா என்று கேட்டேன். ‘அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு’ என்று காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வரன் வேண்டாமென்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். அத்தைக்குக் கோபம், ஒரு வாரத்துக்கு உனக்குப் போன் வரும், எடுக்காதே. உன் ஜாதக நகலைத் திரும்ப வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். கிழித்துப் போடவில்லை. அந்த அளவுக்கு நான் இன்னும் வரவில்லை.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தர யோசிக்கிறார்கள் என்றாயே. அடுத்த மாதம் இரண்டாம் வாரம் வருகிறேன், அட்வான்ஸுக்குக் குறைகிற பணத்தோடு. வீடு பார்க்கச் சேர்ந்து போவோம். ‘கூட யார் இருப்பார்கள்?’ என்று வீட்டுக்காரர் கேட்டால் பதிலை நீயே சொல். நான் பக்கத்தில் சும்மா நிற்கிறேன்.

நார்த்தங்காய் ஊறுகாய் எத்தனை பாட்டில் வேண்டும் என்று அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா