கொழும்பிலிருந்து மதினிக்கு

கொழும்பு, கீலக வருஷம் ஆவணி மாதம் (1908)

மதினிக்கு, உங்கள் கொழுந்தன் எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். அங்கு அப்பா, அம்மா, பிள்ளைகள் சுகத்துக்கு எழுதவும். அண்ணாச்சி பேருக்குப் போட்டால் பிரிக்காமலே அடுப்பில் வைத்துவிடுவார். அப்பாவுக்கோ கண் மங்கல். பாளையங்கோட்டை சாராள் தக்கர் பள்ளிக்கூடத்தில் படித்த நீங்கள்தான் மிச்சம்.

புறக்கோட்டையில் ஒரு அரிசிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ரங்கூன் அரிசி வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. மூட்டையில் குத்தூசியை விட்டு நாலு மணியை எடுத்து மென்று பார்த்தே, பழசா புதுசா என்று முதலாளி சொல்லிவிடுவார். எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை. ராத்திரி சாக்கின் மேலேயே படுக்கை. இங்கே கறியில் எல்லாம் மாசிக் கருவாட்டை இடித்துப் போடுகிறார்கள். செட்டியார் தெருப் பக்கம் போனால்தான் சைவச் சாப்பாடு. சொதி என்று ஊற்றினான், ஆசையாகக் குனிந்தேன். வெறும் தேங்காய்ப்பால் தண்ணீர்! மறுவீட்டுக்கு நீங்கள் வைத்த சொதியைச் சாப்பிட்ட நாக்குக்கு இது தண்டனைதான். தெருவில் மாடும் குதிரையும் இல்லாமல் மின்சார டிராம் ஓடுகிறது. கொச்சிக்கடைச் சிவன் கோயிலை ராமநாதன் துரை கருங்கல்லில் எடுத்துக் கட்டுகிறார். வெள்ளிக்கிழமை அங்கே போவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணாச்சிக்கும் எனக்கும் பகை மார்ச் 13-இல், திருநெல்வேலிக் கலகத்தில் வந்தது என்று அம்மா நினைக்கிறாள். அதற்கு முன்பே குடையில் வந்தது. சிதம்பரம் பிள்ளைவாளின் சுதேசிக் கப்பலைக் கவிழ்க்க வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கி, அப்புறம் சும்மாவே ஏற்றிக் கையில் குடையும் கொடுத்ததே, அதில் ஒன்றை உங்கள் அப்பா கொண்டுவந்து மருமகனுக்குக் கொடுத்தார். மாமாவைக் குறை சொல்லவில்லை, வியாபாரி லாபம் பார்ப்பார். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி ரதவீதி வழியே கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரிக்கு வேலைக்குப் போனதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. திண்ணையில் இருந்ததை எடுத்து நான் கம்பியை ஒடித்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பியைத் தட்டி நிமிர்த்தி மறுநாளும் பிடித்துப் போனார்.

பிறகு பிள்ளைவாளையும் அவரோடு மேடையில் பேசிய சுப்பிரமணிய சிவாவையும் பிடித்தார்கள். கடைகள் அடைத்தன, முனிசிபல் ஆபீஸ், தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் எரிந்தன, சுட்டதில் நாலு பேர் போனார்கள். அண்ணாச்சி கச்சேரிக்குள், நான் தெருவில். ஜூலையில் பிள்ளைவாளுக்கு நாற்பது வருஷம் என்று தீர்ப்பு வந்த அன்று இந்தக் கடையிலேயே ஒருவரும் சாப்பிடவில்லை. நாற்பது வருஷம்! அவருக்கு இன்னும் வயது முப்பத்தாறு ஆகவில்லை.

இப்போது ஊரில் தண்டப் போலீசை நிறுத்தி, அதன் செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாகக் கட்டுகிறார்கள் என்று கேள்வி. அப்பா கடைக்கும் விழுந்திருக்கும். அதை அண்ணாச்சி சம்பளத்திலிருந்து கட்டக்கூடாது. இதைக் கொண்டுவருகிறவரிடம் பத்து ரூபாய் கொடுத்திருக்கிறேன். போதாவிட்டால் எழுதுங்கள், அடுத்த மாதம் அனுப்புகிறேன். தபாலில் மட்டும் போட வேண்டாம், இவரே திரும்பி வருவார்.

அண்ணாச்சி கேட்டால் நான் கொடுத்ததாகவே சொல்லுங்கள். எனக்காகப் பொய் சொல்லி நீங்கள் பேச்சு வாங்க வேண்டாம். கடிதத்தைக் கேட்டால் அதையும் கொடுத்துவிடுங்கள், குடை விஷயம் உட்பட.

இப்படிக்கு,
கொழுந்தன்