கரை ஒதுங்கிய கட்டை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு மாதம் சென்னையில், இரண்டு மாதம் கோவையில் என்று மகன்கள் வீட்டுக்கு மாறி மாறிப் போவதை எழுதிவிட்டு, "வெள்ளத்தில் அடித்துப்போகிற கட்டை மாதிரி ஆகிவிட்டேன்" என்று முடித்திருந்தாய். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

ஆங்கிலத்தில் அதை டிரிஃப்ட்வுட் என்கிறார்கள். டிரிஃப்ட் என்பதும், ஓட்டுவது, விரட்டுவது என்று பொருள்படும் டிரைவ் என்பதும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். நீரும் காற்றும் விரட்டிய மரம் என்று வைத்துக்கொள். இங்கே நாகப்பட்டினம் கடற்கரையில் அதைக் கண்டால், "கட்டை ஒதுங்கியிருக்கிறது" என்போம். மழை வந்தால் திண்ணையில் ஒதுங்குகிறோமே, அதே சொல்தான். எனக்கு நம் சொல்தான் பிடித்திருக்கிறது, செல்வி. மரம் பட்ட பாட்டை விட்டுவிட்டு, வந்து சேர்ந்ததைச் சொல்கிறது.

ஐஸ்லாந்தில் மரங்கள் மிகக் குறைவு. அதன் வடமேற்கே ஸ்ட்ராந்திர் என்னும் கரையில் பெரிய பெரிய கட்டைகள் குவிந்து கிடக்கும். பெரும்பாலானவை சைபீரியக் காடுகளில் வளர்ந்தவை. யெனிசெய், லேனா போன்ற ஆறுகள் அவற்றைக் கடலில் தள்ளுகின்றன. வெறும் நீரில் மிதந்தால் ஊறிக் கனத்து வழியிலேயே மூழ்கிவிடும். ஆர்க்டிக் பனிக்கட்டி பிடித்துக்கொள்வதால்தான் ஆண்டுக்கணக்கில் நகர்ந்து இவ்வளவு தூரம் வருகின்றன. அந்த ஊர்க்காரர்கள் அவற்றைக் கொண்டு வீடு கட்டினார்கள், படகு செய்தார்கள், வேலி போட்டார்கள். ஒதுங்கும் கட்டை யாருக்குச் சேரும் என்று அவர்களுடைய பழைய சட்டத்தில் விதிகளே உண்டு. அவ்வளவு மதிப்பு! அந்த ஐஸ்லாந்துக்காரர்களின் பழைய புராணத்தில், கரையில் கிடந்த இரண்டு மரங்களுக்குத் தேவர்கள் உயிர் கொடுத்தார்கள். முதல் ஆணும் முதல் பெண்ணும் அப்படித்தான் பிறந்தார்கள்.

இதையெல்லாம் படித்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். உன் சின்னப் பேரன் உன் மடியில்தான் எழுத்துக் கற்றான் என்று நீயே போன கடிதத்தில் எழுதியிருந்தாய், நினைவிருக்கிறதா?

இங்கே நான் நலம். முழங்கால் வலி மட்டும் விடவில்லை. மாடி அறைக்குப் போன வாரம் வெள்ளை அடித்தாயிற்று. ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும். அடுத்த முறை கோவைக்குக் கிளம்பும் முன் ஒரு மாதமாவது என்னோடு வந்து இரு. உன் பிள்ளைகளிடம் நான் பேசுகிறேன். எந்த நாள் ரயில் என்று எழுது, ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
வசந்தி